அரை கிராம் குறைந்த டோப்பியா

"250 வருஷத்துக் காசு சார், அரை கிராம்கூடத் தேயாதா?" விற்றவர் சொன்ன இந்தச் சமாதானத்தை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் காசை மதிப்பிடச் சொல்லி என்னிடம் வந்தார் ஒருவர்.

இன்றைய இத்தாலிப் பகுதியில் இருந்த சார்டீனியா ராச்சியத்தின் தங்கக் காசு அது, பெயர் டோப்பியா. பெயரில் சார்டீனியா இருந்தாலும் அரசவை இருந்தது டூரினில். காசில் மூன்றாம் கார்லோ இமானுவேலே மன்னரின் முகம், ஆண்டு 1755. அந்த வரிசை டோப்பியாவின் எடை 9.62 கிராம், மதிப்பு 24 லிரா. 1785-ல் பிரான்ஸ் வெள்ளிக்கு எதிராகத் தங்கத்தின் மதிப்பை உயர்த்தியது. மறு வருஷமே டூரினும் அதே 24 லிரா டோப்பியாவை 9.12 கிராமாக இறக்கிவிட்டது. எடை கூடின பழைய காசை யார் உருக்காமல் விடுவார்கள்? ஐந்து டோப்பியா மதிப்புள்ள, 48 கிராம் கார்லினோவெல்லாம் இன்று அபூர்வம்.

அவர் கொண்டுவந்தது என் தராசில் 9.11 காட்டியது. ஆண்டு 1755, எடையோ 1786-க்கு உரியது!

லென்ஸை வைத்தேன். காசு தேய்ந்தால் மேடான இடம்தான் முதலில் போகும்: கன்னம், காதுக்கு மேலே உள்ள முடிச்சுருள். இதில் ஒரு சுருள்கூட மழுங்கவில்லை. அப்படியானால் அரை கிராம் எங்கே போயிற்று?

உரைகல்லில் உரசவில்லை. அசலாக இருந்தால் விளிம்பு கெடும். முலாம் பூசியதாக இருந்தால் கல்லில் முலாம்தான் விழும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தேன். அசல் டோப்பியா ஏறக்குறைய 22 கேரட் தங்கம், 9.11 கிராமுக்குத் தண்ணீரில் 0.52 கிராம் அளவுக்குத்தான் குறைய வேண்டும். இதுவோ 0.70 கிராம் குறைந்தது. கலப்பு கூடினால்தான் தண்ணீரில் இவ்வளவு குறையும். மாற்று 14 கேரட் பக்கம்தான் வரும்.

அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அசல் காசு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பட்டறையில் மெருகு போடக் கொடுக்காதீர்கள். மேலே படிந்திருக்கும் பழைய நிறத்தையும் பார்த்துத்தான் சேகரிப்பாளர் விலை சொல்கிறார்.

ரசீதைக் கேட்டேன். "பழைய தங்கக் காசு – 1" என்று மட்டும் இருந்தது. நாடு, ஆண்டு, எடை, கேரட், போலியானால் பணம் திரும்பும் என்ற வாசகம் எதுவுமே இல்லை. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பே இந்த ஐந்தையும் எழுதி வாங்குங்கள்.