பார்ல சிகரெட் பிடிக்கலாமா? சட்டம் என்ன சொல்லுது

டாஸ்மாக் பார்ல உக்காந்து தம் அடிக்கிறது தப்பான்னு நம்ம திருநெல்வேலி பக்கம் யார்ட்ட கேட்டாலும் "பார்ல அடிக்காம வேற எங்க போயி அடிக்க"ன்னுதான் சொல்லுவாங்க, ஆனா சட்டப்படி அது தப்புதான். 2003ல வந்த சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம், கோட்பான்னு சொல்லுவாங்க, அதோட 4வது பிரிவு பொது இடத்துல புகை பிடிக்கக் கூடாதுங்குது. அப்புறம் 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னைக்கு, அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சரா இருந்தப்போ புது விதிகள் வந்துச்சு, பொது இடம்னா எதெல்லாம்னு அதுல தெளிவா போட்டாங்க. ஹோட்டல், கேன்டீன், தியேட்டர், வேலை பாக்குற இடம், காபி கடை, பப், பார் எல்லாம் அதுல உண்டு. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டும் பொது இடம்தான், வானம் பாத்து நின்னு பிடிச்சேன்னு சொல்லி தப்பிக்க முடியாது.

மாட்டுனா ஃபைன் 200 ரூபாய் வரைக்கும். போலீஸ்ல சப் இன்ஸ்பெக்டரும் அதுக்கு மேல உள்ளவங்களும் போடலாம்.

இதுல பலருக்கும் தெரியாதது கடைக்காரர் பொறுப்புதான். வாசல்ல 60க்கு 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையாம "இது புகை பிடிக்கக் கூடாத பகுதி, இங்கே புகை பிடிப்பது குற்றம்"னு போர்டு வைக்கணும், யார்கிட்ட புகார் சொல்லணும்னு பேரும் எழுதிப் போடணும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது. டீக்கடைத் தூண்ல கயிறு ஒன்னு தொங்கும்லா, நுனியில கங்கு பூத்துக்கிட்டே இருக்கும், பீடிய அதுல வச்சு ஒரு இழு இழுத்துட்டு அப்படியே பெஞ்சுல வந்து உக்காருவாங்க, இப்போ கயித்துக்குப் பதிலா லைட்டரைக் கட்டித் தொங்க விட்டுருக்காங்க, ரெண்டுமே கூடாது. யாராவது புகார் சொல்லியும் ஓனர் கண்டுக்காம விட்டா, எத்தனை பேர் பிடிச்சாங்களோ அத்தனை பேருக்கான ஃபைன் அவர் தலையில விழும்.

தனி ரூம் போட்டுக்கலாமேன்னு கேப்பீங்க. போடலாம், ஆனா 30 பேரோ அதுக்கு மேலயோ உக்கார்ற ரெஸ்டாரண்ட், 30 ரூம் உள்ள ஹோட்டல், ஏர்போர்ட் மாதிரி இடத்துல மட்டும். அதுவும் நாலு பக்கமும் முழுச் சுவரு, தானா மூடிக்கிற கதவு, புகைய நேரா வெளிய தள்ளுற ஃபேன் எல்லாம் இருக்கணும். 2017ல இன்னொன்னும் சேத்தாங்க, அந்த ரூம்ல புகை பிடிக்கிறதத் தவிர வேற எந்த சர்வீஸும் கிடையாது. ஆக ஒரு கையில கிளாஸும் ஒரு கையில சிகரெட்டுமா உக்கார்றதுக்கு சட்டத்துல வழியே இல்ல. தகரக் கூரை போட்ட சின்ன பாருக்கு ரூம் பேச்சே எடுக்க வேண்டாம்.

யாவாரம் படுத்துரும்னு பார் நடத்துறவங்க பயப்படுதாங்க, அது நியாயமான பயம்தான், மாசாமாசம் அரசுக்குப் பணம் கட்டிட்டு சைட் டிஷ்ஷும் கப்பும் வித்து அவங்க வீட்டுக்குச் சோறு போகணும். இதே பயம் 1998ல கலிபோர்னியாவுல பார்ல தடை வந்தப்பவும் இருந்துச்சு, 2004 மார்ச் 29ல அயர்லாந்து பப் எல்லாத்துலயும் தடை போட்டப்பவும் இருந்துச்சு. வெறும் குடிய நம்பி ஓடுன சில சின்ன கடைங்க அடி வாங்கினது உண்மை. ஆனா மொத்தமா விற்பனைக் கணக்கு, வரிக் கணக்க வச்சு பாத்த ஆய்வுங்கள்ல பெருசா நஷ்டம்னு வரல. நம்ம ஊர்ல இன்னும் கம்மியாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது, சரக்கு விக்கிற கடை டாஸ்மாக் ஒன்னுதான், பாதி பாட்டில் டேபிள்ல இருக்கும்போது வெளிய போனவன் திரும்பி வராம எங்க போவான்? என்ன, எல்லா பாருக்கும் ஒரே மாதிரி கண்டிப்பு இருக்கணும், ஒரு பார்ல ஃபைன் போட்டு அடுத்த பார கண்டுக்காம விட்டாத்தான் கூட்டம் அங்க சாயும்.

பீடி சுத்துற நம்ம மேலப்பாளையம், முக்கூடல் அக்காமாரும் பயப்பட வேண்டாம், இந்த 4வது பிரிவு சுத்துறதையோ விக்கிறதையோ நிறுத்தச் சொல்லல, பிடிக்கிற இடத்த மட்டுந்தான் சொல்லுது.

நான் இவ்வளவு எழுதுறதுக்குக் காரணம் எங்க தெருவுல ஒரு அண்ணன், பார்ல சப்ளையரா இருக்காரு. வாழ்நாள்ல ஒரு பீடி தொட்டதில்ல. மத்தியானம் 12 மணிக்குப் போனா ராத்திரி 10க்கு மேலதான் வீடு, மதினி அந்தச் சட்டைய வீட்டுக்குள்ள கொண்டு போகாம கொல்லைக் கொடியிலயே போட்டுருவாங்க, காலையில நம்ம வீட்டு ஜன்னல் வரைக்கும் வாடை வரும். அவரு இருமுற சத்தத்த வச்சே வந்துட்டாருன்னு தெரிஞ்சுக்கலாம். சான் பிரான்சிஸ்கோவுல தடைக்கு முன்னயும் பின்னயும் 53 பார் ஊழியர்கள டெஸ்ட் பண்ணுனாங்க, 39 பேருக்கு இருமல், சளி, மூச்சிரைப்புன்னு ஏதோ ஒன்னு இருந்துச்சு, தடை வந்து கொஞ்ச நாள்லயே அதுல 23 பேருக்கு அந்தத் தொல்லை இல்லாமப் போச்சு. சிகரெட் பிடிக்கவே செய்யாத நம்ம அண்ணனுக்கும் இந்தச் சட்டப்படி புகை இல்லாத இடத்துல வேலை பாக்குற உரிமை இருக்கு, அவருக்கு இது தெரியாது, போன வாரம்தான் சொன்னேன், "அப்படியா தம்பி, போர்டு ஒன்னு இருக்கு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால கெடக்கு"ன்னாரு.

உங்களுக்கு கடையில தொந்தரவா இருந்தா மொதல்ல போர்டுல பேரு போட்டுருக்கவர்ட்ட சொல்லுங்க, கேக்கலன்னா ஸ்டேஷன்ல சொல்லலாம். பிடிக்கிறத நிறுத்தணும்னு நெனக்கிறவங்களுக்கு 1800-11-2356, ஃப்ரீ நம்பர், சிகரெட் பாக்கெட்லயே போட்டுருக்கும்.