வீட்டில் உலை கட்டப்போகிறீர்களா? முதலில் பைப்பைப் பாருங்கள்

கத்தி அடித்துப் பழக வேண்டும், வீட்டிலேயே சின்னதாக ஒரு உலை கட்டிவிட்டோம் என்று போனில் படம் காட்டிக்கொண்டு இப்போது நிறைய இளம் பிள்ளைகள் பட்டறைக்கு வருகிறார்கள். கொழும்பில் கொல்லு வேலை அருகிக்கொண்டே போகிற நேரத்தில் எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது: காற்றுப் போகிற பைப் வெள்ளி மாதிரி மினுங்கும், சுற்றிவர உடைந்த கூரைத் தகடு, பின்னால் மூடிய கராஜ் கதவு. உலை கட்டுவது கஷ்டமே இல்லை. வீட்டில் சும்மா கிடக்கிற சாமான்களை யோசிக்காமல் நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பதுதான் ஆளை விழுத்துகிறது.

பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய வாகனச் சாமான் விற்கிற இடங்களில் லொறி பிரேக் டிரம் ஒன்று தேடி எடுங்கள், உலையின் உடம்பு அதுதான். உள்ளே படிந்திருக்கும் தூசியை ஊதவோ உலர்ந்தபடி தட்டவோ வேண்டாம், பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், தண்ணீர் விட்டு நனைத்தே கழுவுங்கள். நடுத் துளைக்கு மேல் துளையிட்ட தடித்த இரும்புத் தகடு ஒன்று, அதற்குக் கீழே 2 அங்குல பைப், T வடிவில் மூன்று வாயுள்ள ஒரு டீ இணைப்பு, டீயின் அடிவாயில் சாம்பலைத் தட்டிவிட ஒரு மூடி, பக்கவாயில் சின்ன புளோவர் அல்லது பழைய ஹெயார் டிரையர். சரி, உலை முடிந்தது. சூடான டிரம்மில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துப் பிளந்துவிடும்.

இப்போது அந்தப் பைப்புக்கு வருகிறேன். ஹாட்வெயார் கடையில் பைப் கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் ஜீஐ, அதாவது நாகம் (துத்தநாகம், சிங்க்) பூசியது, டீயும் அப்படித்தான். நாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிறது, கரி உலையின் நடு நெருப்போ அதைவிட எவ்வளவோ சூடு. நெருப்போடு ஒட்டியிருக்கிற பகுதியில் பச்சை கலந்த வெள்ளைச் சுவாலை தெரிந்து, பஞ்சு மாதிரி வெள்ளைத் தூள் படிந்தால் நாகம் எரிகிறது என்று அர்த்தம். அந்தப் புகையைச் சுவாசித்தால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது, வாயில் ஒரு இனிப்பான உலோக ருசி வரலாம், அவ்வளவுதான். சில மணித்தியாலம் கழித்துத்தான் குளிர், நடுக்கம், காய்ச்சல், உடம்பு உளைவு எல்லாம் வரும். கிராண்ட்பாஸ் பக்கத்துத் தம்பி ஒருவர் இதை டெங்கு என்று பயந்துகொண்டு இரத்தம் சோதிக்கப் போயிருந்தார், மழைக்காலம், அவர் பயந்ததில் பிழையில்லை. பொதுவாக ஓரிரு நாளில் மாறிவிடும், ஆனால் மூச்சு முட்டினால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்குப் போன் எடுங்கள், என்ன புகையைச் சுவாசித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பால் குடித்தால் சரியாகும் என்று வெல்டிங்காரர்கள் சொல்வார்கள், அதை நம்பி நாகத்தை எரிக்காதீர்கள். நாகம் பூசாத கறுப்பு இரும்பு பைப் என்று கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் அலைய வேண்டிவரும், அலையுங்கள்.

கூரையிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டஸ் துண்டு நம் வீடுகளில் மதிலோரம் சாய்த்துக் கிடக்கும். சூட்டைத் தாங்கும்தானே என்று அதை வெட்டி உலையைச் சுற்றி வைக்கிறார்கள். அதை வெட்டும்போதும் உடைக்கும்போதும் பறக்கிற நார் நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும்தான். தொடவே தொடாதீர்கள். கொங்கிரீட் கல்லும் வேண்டாம், உள்ளே ஊறியிருக்கிற ஈரம் நீராவியாகிக் கல் தெறிக்கும். தடுப்பு வேண்டுமென்றால் களிமண்ணும் மணலும் குழைத்துப் பூசி, நம் ஊர் ஈரக்காற்றில் நன்றாகக் காய விட்டு, முதல் நாள் சின்ன நெருப்பு மட்டும் போடுங்கள்.

எரிக்க நல்ல காய்ந்த சிரட்டைக்கரி போதும். காற்றைக் கூட்டினால் சூடு கூடும், சமனலவெவ மலைச்சரிவுகளில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே தென்மேல் பருவக்காற்றை மட்டும் வைத்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள், ஆனால் உங்களுக்கு அவ்வளவு காற்றுத் தேவையில்லை, இரும்பிலிருந்து மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தால் அது கருகிக்கொண்டிருக்கிறது.

நான் அதிகம் பயப்படுவது உலை ஓய்ந்த பிறகுதான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாதிரி மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளில் பின்னேரம் மழை வந்தால் உடனே உலையை இழுத்துக் குசினிக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைத்துவிடுகிறார்கள். சுவாலை அடங்கிக் கணகணவென்று கிடக்கிற கரியிலிருந்து கார்பன் மொனொக்சைட் வந்துகொண்டே இருக்கும், மணமில்லை, நிறமில்லை, இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்றால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். ஜன்னல் திறந்திருக்கிறது என்ற சமாதானம் வேண்டாம். மேலே தகரம் போட்டு நாலு பக்கமும் திறந்த இடம் இல்லையென்றால் வீட்டில் உலை வைக்காதீர்கள், என்னைப் போல யாராவது ஒருவரின் பட்டறையில் வந்து பழகுங்கள், யாரும் விரட்டமாட்டோம்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும், காலில் சப்பாத்து, கண்ணுக்குக் கண்ணாடி. பழகுவதற்கு லொறி வில்லுத் தகடு நல்லது, செம்மஞ்சள் நிறம் வந்ததும் அடியுங்கள், சிவப்பு மங்கினால் திரும்ப உலைக்கு. பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஷொக் அப்சோபரை மட்டும் வாங்கி வந்து நெருப்பில் போடவேண்டாம், உள்ளே எண்ணெயும் காற்றும் அடைத்து மூடிய குழாய் அது, சூடானால் குண்டு மாதிரி வெடிக்கும். இரண்டு பக்கமும் மூடிய எந்தக் குழாயும் அப்படித்தான்.