சீல் அப்படியே இருக்கு, மூட்டை மட்டும் குறையுது

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சரக்குக் காப்பீட்டு சர்வேயராக, அதாவது சரக்கு குறைந்தாலோ சேதமானாலோ நேரில் போய்ப் பார்த்து இழப்பைக் கணக்கிடுபவராக, வேலை பார்க்கிறேன். லோடு குறைந்தது என்று அழைப்பு வந்து குடோனுக்குப் போய் நின்றால் பெரும்பாலும் காதில் விழுவது இதுதான்: "சார், சீல் உடையவே இல்ல, அப்படியே இருந்துச்சு. ஆனா மூட்டை குறையுது." சொல்பவர் பொய் சொல்லவில்லை. லாரி வந்தது, கதவில் சீல் தொங்கியது, லோடுமேன் கட்டரை வைத்து வெட்டினார், இறக்கி எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. சரி, அந்த சீலின் நம்பர் என்ன என்று கேட்டால் பதில் வராது. ஏற்றிய இடத்தில் போட்ட நம்பர்தானா என்று கேட்டால் "சீல் இருந்துச்சே சார்" என்பார்கள். வெட்டிய சீல் எங்கே என்றால் அது பெருக்கித் தள்ளிய குப்பையோடு போயிருக்கும்.

சீல் போடுவதற்குக் காசு செலவழிக்கிற பல பேர் அதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் செலவழிப்பதில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அதற்காகத்தான். பூட்டின் வேலை கதவைத் திறக்க விடாமல் தடுப்பது. சீலின் வேலை, வழியில் யாராவது திறந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது. காட்டிக்கொடுப்பதைப் பார்க்க ஆள் இல்லை என்றால் அது கதவில் தொங்கும் ஒரு துண்டு பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

நம் பக்கம் புழக்கத்தில் இருப்பவை நாலைந்து வகை. பழைய ஈயக் குண்டு சீல், கம்பியைக் கோத்து இடுக்கியால் நசுக்குவது, இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. ஈயம் மெத்தென்ற உலோகம், ஊசியால் நெம்பிக் கம்பியை உருவிவிட்டுத் திரும்ப நசுக்கிவிடலாம் என்பதால் மதிப்புள்ள சரக்குக்கு அதை நம்ப வேண்டாம் என்பேன். அப்புறம் இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் சீல், வயர் கயிறு போன்ற கேபிள் சீல், கன்டெய்னருக்குப் போடும் போல்ட் சீல். இவற்றுக்கு ஐஎஸ்ஓ 17712 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அது சீல்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது: ஐ என்றால் திறந்ததைக் காட்டுவது மட்டும், எஸ் என்றால் ஓரளவு பலமும் உண்டு, எச் என்றால் உயர் பாதுகாப்பு. எச் வகுப்பு சீல் குறைந்தது 10 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடையைக் கட்டித் தொங்கவிட்டால் வரும் விசை. அந்த எழுத்து சீலின் மேலேயே பொறித்திருக்கும். தூத்துக்குடி வழியாக ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது தெரியும், உள்நாட்டு லோடு அனுப்புபவர்கள் பெரும்பாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

ஆனால் எச் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. திருடத் தெரிந்தவன் சீலைத் தொடுவதே இல்லை, சீல் எதில் மாட்டியிருக்கிறதோ அதைக் கழற்றுகிறான்.

கப்பலூர் பக்கம் ஒரு குடோன் வாசலில் கன்டெய்னர் வந்து நிற்கிறது. போல்ட் சீல் முழுசாக இருக்கிறது, நம்பரும் பேப்பரில் உள்ள நம்பர்தான். குடோன்காரர் கட்டரோடு தயாராக நின்று "வெட்டிரலாமா சார்?" என்கிறார். "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று சொல்லி வலது கதவின் கைப்பிடிகளைச் செல்போன் டார்ச்சில் பார்த்தேன். கைப்பிடியை லாக் ராடோடு (கதவை மேலும் கீழும் பூட்டும் நீளக் கம்பி) பிடித்திருக்கும் ரிவிட்டுகளில் ஒன்றின் தலை பழைய பெயின்ட் மூடி, ஓரத்தில் துரு ஏறி, பக்கத்தில் உள்ள இரும்பின் நிறத்திலேயே இருந்தது. சீல் மாட்டிய கைப்பிடியின் ரிவிட் மேல் மட்டும் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக, பளபளப்பாக. நகத்தால் சுரண்டினேன், தோலாக உரிந்து வந்தது. உள்ளே ரிவிட் இல்லை, போல்ட். ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டு போல்ட் போட்டு முறுக்கிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்த போல்ட்டைக் கழற்றினால் சீல் பூட்டியபடியே கைப்பிடி தனியாக வந்துவிடும், ராடு திரும்பும், கதவு திறக்கும். வேலை முடிந்ததும் பழையபடி மாட்டிவிடலாம். சீலுக்கு ஒரு கீறல் விழாது.

அன்றைக்கு வெட்டுவதற்கு முன்னால் அந்த போல்ட்டைப் படம் எடுத்தோம், டிரைவரையும் லாரி செட் ஆளையும் கூப்பிட்டுக் காட்டினோம், அவர்கள் முன்னிலையில் திறந்து எண்ணினோம், குறைந்த பெட்டிகளை எல்ஆர் (லாரி நிறுவனம் சரக்குக்குத் தரும் ரசீது) நகலிலேயே எழுதி டிரைவர் கையெழுத்தும் வாங்கினோம். அதனால் கிளெய்ம் நடந்தது. முதலில் வெட்டியிருந்தால், ஏற்றிய இடத்திலேயே குறைவாக ஏற்றியிருப்பார்கள் என்று லாரி தரப்பும், இறக்கிய பிறகு உங்கள் குடோனில்தான் போயிருக்கும் என்று அனுப்பியவரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே வெட்டும் முன் கைப்பிடி ரிவிட், கைப்பிடியைத் தாங்கும் கொண்டி, கீல் மூன்றையும் பாருங்கள். புதுப் பெயின்ட், புது வெல்டிங், ஒன்று மட்டும் நிறம் மாறிய ரிவிட், கதவு ரப்பரில் புதிதாக விழுந்த வெட்டு, இவை எது கண்ணில் பட்டாலும் நிறுத்துங்கள். அப்புறம் சீலுக்கு வாருங்கள். நம்பரை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்துப் பேப்பரோடு ஒப்பிடுங்கள். போல்ட் சீலில் ஊசிப் பகுதியிலும் பூட்டுப் பகுதியிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது. கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், பிறகு திருகிப் பாருங்கள். வெட்டி மரை போட்டு ஒட்டவைத்த சீல் திருகும்போதுதான் கழன்று வரும், இழுப்பதற்கு நிற்கும். பிளாஸ்டிக் சீலாக இருந்தால் பூட்டும் வாயைப் பாருங்கள், சூடு காட்டி இளக்கியிருந்தால் அந்த இடம் வெளுத்தோ கோணியோ இருக்கும். மெல்லிய தகட்டை உள்ளே விட்டு நெம்பியிருந்தால் உள்வாயில் கீறல் தெரியும். நம்பரை விரலால் தேய்த்துப் பாருங்கள், மையால் அச்சடித்ததை தின்னர் தொட்டு அழித்து வேறு நம்பர் போட முடியும், லேசரில் பொறித்ததில் அது சிரமம். வாங்கும்போதே லேசர் நம்பர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டிய சீலின் இரண்டு துண்டுகளையும் ஒரு கவரில் போட்டு மேலே எல்ஆர் நம்பரும் தேதியும் எழுதி வையுங்கள். சந்தேகம் இல்லாத லோடாக இருந்தாலும் சரக்கை முழுசாகச் சரிபார்த்து முடிக்கும் வரை தூக்கிப் போட வேண்டாம்.

போடும் இடத்திலும் கவனம் வேண்டும். கன்டெய்னரில் வலது கதவுதான் இடது கதவின் மேல் படிந்து மூடும், அதனால் சீல் வலது கதவுக் கைப்பிடியில் போக வேண்டும். இடது பக்கம் மாட்டிவிட்டு வலது கதவைத் திறந்து போட்டிருக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். விலை கூடிய சரக்கு என்றால் கைப்பிடி சீலோடு இன்னொரு கேபிள் சீலை இரண்டு கதவும் சேரும் நடுப்பக்கத்து லாக் ராடுகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள், கைப்பிடியைக் கழற்றுகிற வித்தை அதனிடம் பலிக்காது. நல்ல கேபிளை வெட்டினால் இழைகள் பிரிந்து பூவாக விரிந்துவிடும், திரும்ப வாயில் நுழைக்க முடியாது. போல்ட் சீலைப் பூட்டும்போது க்ளிக் சத்தம் கேட்டதா என்று பார்த்து, ஒருமுறை இழுத்துவிட்டு, நம்பர் தெரியும்படி படம் எடுங்கள். படத்தில் சீலோடு வண்டி நம்பரோ கன்டெய்னர் நம்பரோ ஏதாவது ஒன்று வர வேண்டும். அந்தப் படத்தை வாங்குபவருக்கு நேராக அனுப்புங்கள். நம்பர் டிரைவர் கையில் உள்ள பேப்பரில் மட்டும் இருந்தால், பேப்பரையும் சீலையும் சேர்த்து மாற்றுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

இன்னும் போடாத சீல்களின் கட்டு எங்கே இருக்கிறது? நான் போகிற பல இடங்களில் கேட் செக்யூரிட்டியின் மேஜை இழுப்பறையில், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடக்கிறது. பூட்டி வையுங்கள். ஒரு நோட்டில் நம்பர், தேதி, வண்டி, போட்டவர் கையெழுத்து என்று வரிசையாக எழுதி வாருங்கள். நடுவில் ஒரு நம்பர் காணவில்லை என்றால் அன்றைக்கே தேடுங்கள்.

இனி தார்ப்பாய் லாரி. கீழமாசி வீதிக்குப் பருப்பும் வத்தலும் கொண்டுவருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கதவே இல்லாதவை, அதில் எங்கே சீல் போடுவது என்று கேட்கிறார்கள். வழி இருக்கிறது. தார்ப்பாயின் கண்ணிகள் வழியாகவும் பாடியில் உள்ள கொக்கி வழியாகவும் முடிச்சில்லாத ஒரே கயிற்றைச் சுற்றிலும் ஓட்டி, இரண்டு நுனிகளையும் பின்பக்கம் ஒரே இடத்தில் சேர்த்து அங்கே சீல் போட வேண்டும். இடையில் எங்கே வெட்டிக் கட்டினாலும் முடிச்சு தெரிந்துவிடும். இறக்கும்போது கயிற்றை முழுச் சுற்றும் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். வழக்கமாகச் செய்வது போல நாலு கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டு ஒரு முடிச்சில் மட்டும் சீல் போட்டால் எந்தப் பயனும் இல்லை.

மூட்டைச் சரக்கில் எண்ணிக்கை சரியாக இருந்தும் எடை குறையும். குத்தூசியை விட்டு மூட்டைக்குக் கொஞ்சமாக உருவிவிடுவார்கள், சாக்கின் இழை திரும்பச் சேர்ந்துகொள்ளும், கீழே சிந்திய நாலு மணிதான் அடையாளம். போடியிலிருந்து கிளம்பும் ஏலக்காயில் இதைவிடக் கவனம் வேண்டும், விலை ஏறிய நேரத்தில் ஒரு மூட்டையே லட்சத்தைத் தாண்டும். சாக்கின் வாயைத் தைத்த நூலைப் பாருங்கள். இயந்திரத் தையல் ஒரே இடைவெளியில் ஓடும். பிரித்துத் தைத்த இடத்தில் பழைய ஓட்டைகள் நூல் இல்லாமல் வரிசையாகத் தெரியும். எடை மேடைச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள், எடுத்த எடைக்குக் கல்லோ மணலோ வைத்துச் சரிக்கட்டுகிற பழக்கம் உண்டு. ஏலக்காயை மூடிய வண்டியில் அனுப்பி, ஒவ்வொரு மூட்டைக்கும் சின்ன நம்பர் சீல் போடுவது நல்லது.

வழியில் ஜிஎஸ்டி அதிகாரிகள் நிறுத்தி சீலை வெட்டச் சொன்னால் டிரைவர் என்ன செய்வார்? இதை அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதிகாரிக்குத் திறந்து பார்க்க உரிமை உண்டு, தடுக்கக் கூடாது. ஆனால் சரக்கைப் பரிசோதித்தால் எம்ஓவி-04 என்ற அறிக்கையின் நகலை டிரைவரிடம் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நம்பர் உங்கள் நோட்டில் ஏறிய உபரி சீல் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும், ஒட்டிய கவரில். வெட்டியதும் உங்களுக்கு போன், பழைய சீலின் படம், புது சீல் போட்ட படம், இடம், நேரம். இதைச் செய்துவிட்டால் டிரைவர் மேல் பழி வராது. "சீல் மாறியிருக்கு, நீதான் எடுத்திருப்ப" என்று ஒரு தம்பியை நாள் முழுக்க குடோன் வாசலில் உட்கார வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் நாம் ஒரு பேப்பரும் உபரி சீலும் கொடுக்காமல் அனுப்பிவிட்டு அவரைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

மின்னணு சீல் போட்டால் தீர்ந்துவிடுமா என்று கேட்பார்கள். தொழிற்சாலையிலேயே தாங்களே சீல் வைத்து அனுப்பும் ஏற்றுமதிக் கன்டெய்னர்களுக்கு ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் படிக்கும் சிப்) மின்னணு சீலை சுங்கத்துறை 2017ல் கொண்டுவந்தது. துறைமுகத்தில் ரீடரை வைத்துப் படித்தால், போட்ட சீல் இதுதானா, இடையில் சேதப்பட்டதா என்று தெரியும். ஜிபிஎஸ் பூட்டு இன்னும் ஒரு படி மேலே, எங்கே எந்த நேரத்தில் திறந்தது என்று உடனே செய்தி வரும், ஓடிபி வந்தால்தான் திறக்கும்படியும் வைக்கலாம். இரண்டும் நல்லவை, அடிக்கடி விலை கூடிய லோடு அனுப்புபவர்கள் வாங்கலாம். ஆனால் கைப்பிடி ரிவிட்டை எந்த சிப்பும் பார்க்காது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் பூட்டில் சார்ஜ் எவ்வளவு என்று கிளம்பும்போதே பாருங்கள்.

கடைசியாகக் காப்பீடு. உள்நாட்டுப் போக்குவரத்து பாலிசியில் ஏ என்ற பிரிவு பரந்தது. பி பிரிவு தீ, மோதல், கவிழ்தல் போன்ற குறிப்பிட்ட ஆபத்துகளுக்கு மட்டும்தான், திருட்டு அதில் தானாக வராது. பிரீமியம் குறைவு என்று பி எடுத்து வைத்துவிட்டுத் திருட்டுக்குக் கிளெய்ம் போட வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

லாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுப்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16ஆவது பிரிவுப்படி, சரக்கு புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் போகாவிட்டால் அவர்கள் மேல் வழக்குப் போட முடியாது. டெலிவரி தேதியிலிருந்து என்று பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கணக்கு புக்கிங் தேதியிலிருந்துதான். காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு லாரி நிறுவனத்திடம் வசூலிக்கப் போவதும் இந்த நோட்டீஸை வைத்துத்தான், நீங்கள் அனுப்பாமல் விட்டால் உங்கள் தொகையைக் குறைக்க அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. கடிதம் ஒரு பக்கம் போதும்: எல்ஆர் நம்பர், புக்கிங் தேதி, போட்ட சீல் நம்பர், வந்தபோது இருந்த சீல் நம்பர், குறைந்த சரக்கு, அதன் மதிப்பு. ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கொடுங்கள். சர்வேக்கு வரும்போது நான் முதலில் கேட்பது அந்த ஒப்புகையையும் கவரில் போட்டு வைத்த சீல் துண்டுகளையும்தான்.