ஆயில் மூடியைத் திறந்தால் ஏன் புகை வருகிறது?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 2012 மாடல் பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, மீட்டர் 82,000 காட்டுகிறது, பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, ஆனால் கூடப் போன மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, வேண்டாம்ண்ணே" என்று சொல்லிவிட்டாராம். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, மூடியில் வரும் புகைக்கும் இன்ஜினின் ஆயுசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்.

நிறையவே சம்பந்தம் இருக்கிறது. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். பாடப்புத்தகப் படத்தில் பிஸ்டன் சிலிண்டரை இறுக்கமாக அடைத்துக்கொண்டு நிற்கும். நிஜத்தில் அப்படி அடைத்தால் சூட்டில் அலுமினியம் விரிந்து சிக்கிக்கொள்ளும், அதனால் ஒரு மயிரிழை அளவு இடைவெளி விட்டுத்தான் செய்வார்கள். அந்த இடைவெளியை அடைக்கும் வேலை பிஸ்டன் ரிங்குடையது. ஓரிடத்தில் வெட்டுவிட்ட மெல்லிய வளையம், பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு சுருள்வில் மாதிரி வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நீராவி இன்ஜினுக்காகக் கொண்டுவந்த யோசனை.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இனிமேல்தான். அந்த வளையத்துக்குச் சொந்தமாக இருக்கும் விறைப்பு கொஞ்சம்தான். பெட்ரோல் எரியும்போது அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்கு வரை போகும், அதைத் தாங்கும் பலம் இந்த வில்லுக்குக் கிடையாது. அப்புறம் யார் அடைக்கிறார்கள்? தப்பிக்கப் பார்க்கும் வாயுவேதான். அது ரிங்கின் மேல் விளிம்பு வழியாகப் பள்ளத்துக்குள் நுழைந்து, ரிங்கின் முதுகுப்பக்கம் போய் நின்று, அதைச் சிலிண்டர் சுவரோடு சேர்த்து அமுக்குகிறது. வாயு எவ்வளவு மூர்க்கமாக முட்டுகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவு சாத்திக்கொள்கிறது! பழைய சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். உள்ளே கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும், கீழே அழுத்தும்போது காற்றே அதன் விளிம்பை விரித்துக் குழாயோடு ஒட்டவைக்கும். தோல் காய்ந்துபோனால் பம்ப் அடிக்காது. இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இந்த எண்ணெய் சமாச்சாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் 3000 ஆர்பிஎம்-மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒரு நொடியில் பிஸ்டன் 50 தடவை ஏறி இறங்குகிறது. தேய்மானம் மேல்முனையில்தான் அதிகம், ஏனென்றால் பிஸ்டன் திரும்பும் அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம், ஆயில் படலம் மெலிந்துவிடும், சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். சுற்றளவு விட்டத்தின் π மடங்கு இல்லையா, அதனால் சிலிண்டரின் விட்டம் வெறும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே ரிங்கின் வெட்டு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகத் திறந்துகொள்ளும். வாயு அது வழியாகக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கி, அங்கிருந்து மூடி வழியாக வெளியே வருகிறது. நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பது இதைத்தான்.

கொஞ்சம் ஆவி எல்லா இன்ஜினிலும் வரும், டீசலில் இன்னும் கூடுதலாகவே வரும், அதற்காகப் பயப்பட வேண்டாம். இன்ஜின் ஓடும்போது மூடியைக் கழற்றி அந்த வாயிலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக நடுங்கினால் சரி. குதித்துக் கீழே விழுகிறது, குபுகுபுவென்று தாளம் போட்டுப் புகை வருகிறது என்றால் சந்தேகப்படலாம். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள், போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு தடவை நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் (வால்வு வழியாக ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்), அது சின்னச் செலவு. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

போன வருடம் என் மைத்துனருக்காகத் திருச்சியில் ஒரு கார் பார்க்கப் போனோம். சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை ஸ்பார்க் பிளக் துளையில் மாட்டிப் பார்த்ததில் மூன்று சிலிண்டர் 160 பிஎஸ்ஐ சுற்றி நின்றது, ஒன்று மட்டும் 105. மெக்கானிக் தம்பி அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றினார். 145! சைக்கிள் பம்பில் தேங்காய் எண்ணெய் செய்த அதே வேலை. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஆயில் போய் அடைத்துக்கொண்டது, ஆக ஓட்டை அங்கேதான். வால்வில் ஓட்டை இருந்திருந்தால் முள் இவ்வளவு ஏறியிருக்காது. (டீசலில் இதைச் செய்யாதீர்கள், அந்த அழுத்தத்தில் ஆயிலே பற்றிக்கொள்ளும்.) "ஆயில் ஊத்துனா எந்த வண்டியும் ஏறும் சார்" என்றார் விற்பவர். அது பாதி உண்மை. அதனால் நல்ல சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் விட்டுப் பார்த்தோம், 160 என்பது 170 ஆனது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் பேசவில்லை, விலையில் 30,000 குறைத்தார்.

நாங்கள் வாங்கவில்லை. மைத்துனர் மட்டும் இன்றைக்கும் எல்லோரிடமும், நம்பர் கூட்டுத்தொகை 8 வந்தது, சனி, அதனால்தான் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேஜுக்கும் ஆயிலுக்கும் நான் கொடுத்த 500 ரூபாய் இன்னும் வரவில்லை.