டிக்கெட் போடும் முன் வகுப்பு எடுத்துப் பாருங்கள்

வெளிநாட்டுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு ராமநாதபுரத்தில் பயிற்சி கொடுப்பது என் வேலை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மண்டபம் என்று கடலோரம் முழுக்க இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் ஒரு மாமாவோ காக்காவோ (அண்ணன்) ஏற்கெனவே வளைகுடாவில் இருப்பார், "படிச்ச படிப்புக்கு டீச்சர் வேலைக்கே வந்துடு" என்று சொல்லியிருப்பார். கையில் பி.ஏ. அல்லது எம்.ஏ. ஆங்கிலம், சிலரிடம் பி.எட்.டும் இருக்கும். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, எந்த சர்டிபிகேட் வாங்கினால் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்பது. இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் அமைதிதான்.

சர்டிபிகேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விசாவுக்கும் வேலை அனுமதிக்கும் பல நாடுகளில் கேட்கிறார்கள். ஆனால் எல்லா சர்டிபிகேட்டும் ஒன்றல்ல. ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) படிப்பில் 120 மணி நேரப் பயிற்சியோடு, உண்மையான மாணவர்கள் முன்னால் 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்து அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்வார். இணையத்தில் அதே 120 மணி நேரம் என்று போட்டுத் தள்ளுபடியில் விற்கும் டெஃபல் (TEFL, ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல்) சான்றிதழ்கள் பலவற்றில் வீடியோ பார்த்துக் கேள்விக்கு டிக் அடித்தால் போதும், ஒரு மாணவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துவிடலாம். செல்டாவுக்குச் செலவு அதிகம், எல்லோராலும் முடியாது என்று எனக்கும் தெரியும். முடியாதவர்கள் அந்த 6 மணி நேரத்தையாவது நம் ஊரிலேயே சம்பாதித்துக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர்கள் என்னிடம் வந்தால் முதல் நாளே அடையாளம் தெரிந்துவிடும். குழந்தை கவனிக்கவில்லை என்றால் பதறாமல் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே எங்கே வகுப்பு எடுத்தாலும், தடுமாறினால் தமிழுக்குத் தாவிவிடலாம். ஹனோயிலோ மாலத்தீவின் ஒரு சிறு தீவிலோ அந்த வழி இருக்காது. அதனால் நான் சொல்வது இதுதான்: ராமேசுவரத்துக்குப் போங்கள். அங்கே தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலை பார்க்கும் வடமாநிலத்துத் தம்பிகளில் பலருக்குத் தமிழ் அரைகுறை, ஆங்கிலம் அதைவிடக் குறைவு, கற்றுக்கொள்ள ஆசை நிறைய. மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவருக்கு "ரூம் காலியாக இல்லை, மாலை வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லக் கற்றுக்கொடுங்கள், தமிழும் இந்தியும் ஒரு சொல்கூட இல்லாமல். படம் வரைவீர்கள், சாவியை எடுத்துக் காட்டுவீர்கள், நடித்துக் காட்டுவீர்கள், உங்கள் வாக்கியம் தானாகவே சுருங்கும். வெளிநாட்டு வகுப்பறையில் உங்களுக்கு வேண்டியது இந்தப் பழக்கம்தான்.

புதிதாக வருபவர்களிடம் நான் தினமும் திருத்தும் பழக்கம் "அண்டர்ஸ்டுட்?" என்று கேட்பது. எந்த நாட்டுக் குழந்தையும் இதற்கு எஸ் என்றுதான் சொல்லும். "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்று சொல்லிக்கொடுத்தீர்கள் என்றால், "இப்போது சாவி அவரிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் புரிந்திருக்கிறது. இருக்கிறது என்று வந்தால் இன்னொரு முறை, வேறு மாதிரி சொல்ல வேண்டும். இப்படிக் கேட்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளைப் பாடக்குறிப்பில் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போக வேண்டும், அந்த நேரத்தில் தோன்றாது.

போகும் நாட்டின் மொழியைப் பற்றியும் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். அரபு மொழியில், ஆங்கிலத்தின் 'பி' (P) எழுத்துக்குரிய வல்லோசை கிடையாது. அதனால் அரபுக் குழந்தை பூங்காவைச் சொல்ல நினைத்து நாய் குரைப்பதற்கான சொல்லைச் சொல்லிவிடும். இதைத் திருத்த ஆசிரியர்கள் வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துக் காட்டுவார்கள், சரியாகச் சொன்னால் காற்றில் தாள் அசையும். நாம் இயல்பாகச் சொல்லும் 'ப'வில் அந்தக் காற்று வராது, தாள் அப்படியே நிற்கும். ஆகவே மாணவருக்கு முன்னால் நீங்கள் பழகியிருக்க வேண்டும். வியட்நாம் மாணவர்கள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். அரபு பேசுபவர் நிகழ்காலத்தில் 'இஸ்' போடாமல் விடுவார், நம் தமிழிலும் "அவர் ஆசிரியர்" என்றால் போதும் அல்லவா, அதே காரணம். தமிழில் 'ஏ', 'தி' எல்லாம் தனிச் சொல்லாக இல்லாமல் வளர்ந்து ஆங்கிலத்தை விதிவிதியாகக் கற்றவர் நீங்கள். மாணவர் எங்கே இடறுவார் என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், இன்டர்வியூவில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் கதவு திறக்காத இடங்களும் இருக்கின்றன. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அங்கே சேர்த்துவிடுகிறேன் என்று சுலபமாகப் பேசும் ஆளிடம் எந்த விசா என்று முதலில் கேளுங்கள்.

சரி, காகிதங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகம் தொல்லை தருவது இனிஷியல். டிகிரியில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அதே எழுத்து வாப்பாவின் முழுப் பெயராக விரிந்து நிற்கும். வெளிநாட்டு அலுவலருக்கு இது இரண்டு ஆளாகத் தெரியும். வேலை வந்த பிறகு ஓடாமல் இப்போதே சரிசெய்யுங்கள். அடுத்து, டிகிரிக்குச் சான்றொப்பம். சொந்த நாட்டில் ஒரே முத்திரை வாங்கினால் மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அப்போஸ்டில் உடன்படிக்கை. இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது, சவுதி 2022-ல் சேர்ந்தது. அமீரகம் அதில் இல்லாததால் நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரைக்குப் பிறகு அமீரகத் தூதரகத்திலும் வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். குற்ற வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்றிதழும் பல பள்ளிகள் கேட்கும், அதை வாங்க நம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்.

ஏஜென்ட் வழியாகப் போனால் அவர் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், லட்சக்கணக்கில் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அதையும் பாருங்கள். "இப்போ விசிட் விசாவில் வா, அங்கே வந்து மாத்திக்கலாம்" என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்டவே வேண்டாம். சுற்றுலா விசாவில் பாடம் நடத்துவது சட்டவிரோதம், பிடிபட்டால் பள்ளி கைவிரித்துவிடும், நீங்கள்தான் அபராதம் கட்டித் திரும்ப வேண்டும். தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போய் மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்தது நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கே நடந்திருக்கிறது.

ஒப்பந்தம் வந்தால் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, விடுமுறை மாதத்தில் சம்பளம் உண்டா, தங்குமிடம் யார் செலவு, திரும்பி வரும் டிக்கெட் யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் இந்திய ஆசிரியர் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள், பேசும்போது சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று இரண்டையும் விசாரியுங்கள். பேசவே விடமாட்டேன் என்றால் வேறு பள்ளி பாருங்கள்.