காப்பகமா, காப்பரசா?

அக்கா மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். அவன் கையேட்டில் ஒரு வரி: ‘1959இல் நியாசாலாந்து காப்பகத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.’ பிள்ளைகள் காப்பகத்தில் அப்படி என்ன நெருக்கடி என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் ‘காப்பக’த்தை நானும் எத்தனையோ இடத்தில் பார்த்துச் சலித்துவிட்டேன்.

மூலச்சொல் புரொடெக்டரேட்: தன் பாதுகாப்பில் இருப்பதாகச் சொல்லி ஒரு வல்லரசு பிடியில் வைத்திருக்கும் நாடு. லத்தீனில் ‘முன்னால் மறைத்து மூடுவது’ என்ற வினையிலிருந்து வந்தது. சரி, காப்பு பொருந்துகிறது. அதன் வாலில் ஒட்டுவதில்தான் சிக்கல். நூலகம், மருந்தகம் போல அகம் என்றதும் நமக்குக் கட்டடம்தான் தோன்றும். நியாசாலாந்து, அதாவது ஆப்பிரிக்காவின் இன்றைய மலாவி முழுவதும் எந்தக் கட்டடத்தில் அடங்கும்?

இன்னொரு தரப்பு ‘காப்பரசு’ என்கிறது. கேட்க அழகுதான். ஆனால் பேரரசு பெரிய அரசு, சிற்றரசு சிறிய அரசு என்றால், காப்பரசு காக்கும் அரசு என்றுதானே ஆகும்? காப்பதாகச் சொன்னவர்கள் லண்டனில் இருந்தார்கள். நாம் பெயர் தேடுவதோ காக்கப்பட்ட நாட்டுக்கு. இங்கிலாந்தில் 1653 முதல் கிராம்வெல் ‘காப்பாளர்’ பட்டத்தோடு ஆண்டாரே, அந்த ஆட்சிக்கும் இதே ஆங்கிலச் சொல்தான். காப்பரசை அங்கே வைத்துக்கொள்ளட்டும். இன்னொரு பிரிட்டிஷ் புரொடெக்டரேட்டான சான்சிபாரில் சுல்தான் இருந்தாரே, அவர் அரசைத்தானே காத்தார்கள் என்பார்கள். நியாசாலாந்தில் இருந்தவர் ஆளுநர். அங்கே எந்த அரசைக் காத்தார்கள்?

அதனால் என் கட்சி காப்புநாடு. சட்டப்படி அங்குள்ளவர்கள் பிரிட்டிஷ் குடிகள் அல்லர், ‘காக்கப்பட்டவர்கள்’. காத்த லட்சணம்: 1953இல் ஆப்பிரிக்கர்களின் எதிர்ப்பை மீறி இரண்டு ரொடீசியாக்களோடும் (இன்றைய சாம்பியா, சிம்பாப்வே) கூட்டாட்சியில் கட்டிவிட்டார்கள். 1959 மார்ச் 3 அன்று ஆளுநர் ஆர்மிட்டேஜ் நெருக்கடி நிலையை அறிவித்தார். விடுதலை இயக்கத் தலைவர் பண்டாவைப் பிடித்துத் தெற்கு ரொடீசியாவின் குவேலோ சிறைக்கு அனுப்பினார்கள். அன்றே நகாட்டா பே ஏரிக்கரையில், பிடிபட்டவர்களை விடுவிக்கச் சொல்லித் திரண்ட கூட்டத்தின்மீது சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் அரசு அமைத்து விசாரித்த டெவ்லின் குழுவே, தற்காலிகமாக என்றாலும் இது போலீஸ் ராஜ்யம் என்று எழுதியது. கையேட்டிலோ ‘கலவரத்தில் 20 பேர் பலி’. கலவரமா துப்பாக்கி தூக்கியது? இந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு எழுவாய் என்றாலே ஏனோ பயம்.

அப்புறம், பையனுக்குக் காப்புநாடும் பிடிக்கவில்லை. “பேப்பர்ல ‘வாலிபருக்குக் காப்பு’ன்னா கைவிலங்குதானே, மாமா?” என்றான்.

அந்தப் பொருளிலேயே படி என்று சொல்லிவிட்டேன்.