சட்டம்: தேனீப் பெட்டிக்குள் இருக்கும் தமிழ்ச் சொல்

போன வருடம் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் உறவினர் வீட்டில் இரண்டு தேனீப் பெட்டிகள் இருந்தன. ஒன்று வாழ்வாதார உதவியாக வந்தது. மற்றது ஊரில் செய்வித்தது. பழைய பெட்டியில் இருந்த தேனீக் குடியைப் புதிய பெட்டிக்கு மாற்றப் பார்த்தோம். பிரேமை அடையோடு தூக்கி வைத்தால் ஒரு பக்கம் விளிம்பில் நிற்கிறது, மறுபக்கம் உள்ளே விழுகிறது. கட்டை விரல் அகலம் காணாது. “அண்ணை, பிரேம் நிக்குதில்லை” என்றேன். புதிய பெட்டியைச் செய்த ஓடாவியார் வந்து பார்த்துவிட்டு, “எந்தச் சட்டத்துக்கு அளவெடுத்துத் தந்தனீங்கள்?” என்று கேட்டார்.

பிரேம் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அவர் வாயில் வந்த சொல்தான் பதில். அவர் அதை மொழிபெயர்ப்பாகச் சொல்லவில்லை. படத்துக்குச் சட்டம், சிலேட்டுக்குச் சட்டம், கதவுக்குச் சட்டம் அடித்த கை அது. தேனடையைத் தாங்க நாலு பக்கமும் மரச்சலாகை வைத்து அடிப்பதும் அவருக்குச் சட்டம்தான்.

இன்று சட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நீதிமன்றம். ஆனால் அகராதியைப் புரட்டினால் மரச்சட்டம், எழுதுவதற்கு நறுக்கிய பனையோலை, பிள்ளைகள் பார்த்து எழுத மேலே எழுதிக் கொடுக்கும் மாதிரி வரி என்று பல பொருள்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த மாதிரி வரிக்கு மேல்வரிச் சட்டம் என்று பெயர். திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவன் சட்டாம்பிள்ளை. இவை எல்லாவற்றுக்கும் ஊடாக ஓடும் கருத்து ஒன்று: ஒழுங்காக நறுக்கிய அளவு, அதைப் பார்த்து மற்றது அமைய வேண்டும். விதி என்ற பொருளும் அந்தக் கருத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் அது ஒரு வினைச்சொல், பயன்படு, முன்னேறு என்ற பொருளில் இருந்தது. பிறகு ஆயத்தம் செய், மரத்தைக் கட்டுமானத்துக்கு ஏற்றபடி அமை என்று மாறி, கடைசியில்தான் பொருளின் பெயரானது.

சட்டகம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். கோட்பாட்டுச் சட்டகம் போன்ற இடங்களுக்கு அது சரி. கையில் பிடித்துத் தூக்கும் பொருளுக்குச் சட்டம் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ‘சட்ட மாற்றம்’ என்று எழுதினால் நாடாளுமன்றச் செய்தி போல ஆகிவிடும். ‘சட்டம் மாற்றுதல்’, ‘அடைச்சட்டம் மாற்றுதல்’ என்று எழுதினால் குழப்பமில்லை.

சரி, அளவுக்கு வருவோம். அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ரோத் 1852இல் காப்புரிமை பெற்ற பெட்டியில், சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. அந்த அளவு இடைவெளியைத் தேனீ நடக்கும் வழியாக விட்டுவிடும், அடை கட்டாது. இடைவெளி கூடினால் அங்கே அடை கட்டிவிடும். சட்டத்தைக் கழற்றி எடுக்க முடிவதே இதனால்தான். அவருடைய சட்டத்தின் மேற்கட்டை 19 அங்குலம். ஐரோப்பியத் தேனீக்கு அது பொருந்தும். நம் பக்கத்தில் பெட்டியில் வளர்க்கும் பொந்துத் தேனீ உடலிலும் குடியிலும் சிறியது. அதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன் சிறிய பெட்டி ஒன்றை அமைத்தார். அதன் சட்டத்தின் உள்ளளவு ஏறத்தாழ 8 அங்குல நீளம், 5½ அங்குல உயரம். (காட்டில் பெரிய கொப்பில் ஒற்றை அடை கட்டித் தொங்கும் மலைத்தேனீக்கு எந்தச் சட்டமும் உதவாது, அது பெட்டிக்குள் இருக்காது.)

ஆகவே ‘சட்டம்’ என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொல்லியிருக்கிறோம். நியூட்டன் சட்டமா, லாங்ஸ்ட்ரோத் சட்டமா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டி கொடுப்பவர்கள் இதைச் சொல்லாமல் கொடுப்பது எனக்குப் பெரிய வருத்தம். வாங்கும் குடும்பம் அடுத்த பெட்டிக்கு ஓடாவியாரிடம் போகும்போதுதான் பிழை தெரியவருகிறது.

சின்னச் சட்டத்தைப் பெரிய பெட்டியில் வைக்க, மேற்கட்டையின் மேல் நீளமான ரீப்பை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிடலாம். ஆனால் கீழே மிஞ்சும் வெளியில் தேனீ தொங்கடை கட்டும், பிறகு தூக்கும்போது அது முறியும். நாங்கள் அன்று செய்தது அடையை நாரால் கட்டுதல். பொழுதுபடும் நேரத்தில், பழைய சட்டத்திலிருந்து தேனீக் குஞ்சுப் புழு உள்ள அடையைக் கத்தியால் அறுத்து, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி புதிய சட்டத்துக்குள் பொருத்தி, நனைத்த வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டினோம். தேன் நிறைந்த துண்டுகளை வைக்கவில்லை. பாரத்தில் கிழியும், எறும்பும் வரும். மாரி மழை முடிந்து காடு பூத்திருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இதில் கை வைக்க வேண்டும். பூ இல்லாத காலத்தில் கலைத்தால் பொந்துத் தேனீ குடியோடு எழும்பிப் போய்விடும்.

சில நாள் கழித்துப் போனபோது வாசல் பலகையில் வாழைநார்த் துணுக்குகள் கிடந்தன. அடை சட்டத்தோடு ஒட்டியதும், தேனீக்கள் நாரைக் கடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தன.